சொல்லக் கூசும் நோயும் சொல்லிவிடும் சிறுநீரும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கு நோக்கி வருபவர், கொக்குவிலைக் கடந்ததும் இணுவிலில் மக்லியட் வைத்தியசாலையைக் காண்பர். இன்னும் சிறிது தூரம் வந்தால் மருதனார்மடம். அதனையடுத்து எங்கள் சுன்னாகம். மல்லாகத்தையும் தாண்டினால் தெல்லிப்பழை. சில மைல் நீளமேயுள்ள இவ்வழியில் நிற்கும் இரண்டு வைத்தியசாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டே இக்கட்டுரையின் பொருளுக்குட் புக விரும்புகிறேன்.

இணுவிலில் உள்ளது, மகளிர்க்கும் குழந்தைகளுக்குமெனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே தோற்றுவிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து இங்கு வந்து தொண்டாற்றிய மேரி லீச், மார்கரெட் லீச் என்னும் சகோதரிகள் இருவரின் முயற்சியால் எழுந்தது. அக்காலத்து யாழ்ப்பாணத்துப் பெண், உயிர் போவதாயினும் ஆண் வைத்தியர்முன் தன் உடம்பைக் காட்ட இசையாள் என்பதை அவர்கள் நன்கு கண்டிருந்தனர். ஆகவே பெண் வைத்தியர்களைக் கொண்டே பெண்களுக்கு வைத்தியம் செய்ய வழி தேடினர். தெல்லிப்பழையிலுள்ளதோ நம் கண்முன்னே எழுந்தது. 2011-ஆம் ஆண்டிலே இலங்கையின் தென்கோடியாகிய தெவிநுவரையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறைவரை, ஏறக்குறைய 670 கிலோமீட்டர் தூரம், 'ட்ரெயில்' என்னும் பெயரில் ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. வழியெங்கும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கொடுத்த பணத்தைக் கொண்டு தெல்லிப்பழையில் வடபகுதி மக்களுக்கெனப் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்கப்பட்டது.

முன்னது நாணத்தை மதித்துக் கட்டப்பட்டது. பின்னது புற்றுநோயை எதிர்த்துக் கட்டப்பட்டது. நாணமும் புற்றுநோயும் ஒருங்கே சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். அதனைச் சிறுநீரைக் கொண்டே கண்டறியலாமா என்பது இப்போது உலகெங்கும் ஆராயப்படும் ஒரு கேள்வி. நம் குடும்பங்களில் வாய்விட்டுப் பேசப்படாத பொருள்தான். எனினும் தாய்மாரும் மூத்த மாணவிகளும் படிக்கும் இப்பக்கத்திலே பேசாவிட்டால் வேறெங்கே பேசுவது?

நீண்ட தவணை தரும் நோய்

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 6 இலட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 3 இலட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டனர். இந்தியாவில் மாத்திரம் அவ்வாண்டு 1 இலட்சத்து 27 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 80 ஆயிரத்துக்குச் சற்றே குறைந்தோர் இறந்தனர். இவர்களிற் பலர் குழந்தைகளை வளர்த்து ஆளாக்கிக்கொண்டிருக்கும் வயதினர் என்பதை எண்ணும்போது இலக்கங்கள் வெறும் இலக்கங்களாகத் தோன்றவில்லை.

இந்நோய்க்குக் காரணம் 'ஹியூமன் பாப்பிலோமா' என்னும் வைரசு. இதன் தொடர்பை நிறுவியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ட்சுர் ஹவுசன். இவ்வைரசின் பல வகைகளுள் 16-ஆம், 18-ஆம் இலக்க வகைகளை 1983, 1984-ஆம் ஆண்டுகளில் அவருடைய குழுவினர் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து பிரித்தெடுத்தனர். நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கு நோய்க்கு இவ்விரண்டுமே காரணம். 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வைரசு தாம்பத்திய உறவின் வழியே பரவுவது. இதனைச் சொன்னவுடனே நம்மவர் மனத்தில் எழும் ஐயத்தை நான் அறிவேன். மணமான ஆண் பெண் இருபாலாரிலும் பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றியே தீருகின்றது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பு தானாகவே இதனை ஓட்டிவிடுகின்றது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலரிடம் பல்லாண்டு உறங்கிக் கிடக்கவும் கூடும். ஆகவே ஒருத்தியிடம் இவ்வைரசு காணப்படுதல், அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றியோ அவள் கணவனுடைய ஒழுக்கத்தைப் பற்றியோ எதனையும் நிரூபிப்பதன்று. பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியை விசாரிக்கத் தொடங்கும் கணவன், விஞ்ஞானத்தையும் அறியாதவன், மனைவியையும் அறியாதவன்.

உடம்பை விட்டு நீங்காது தங்கிவிடும் சிலரிடத்திலேதான் தீங்கு விளைகின்றது. அங்கும் அது விரைந்து வருவதில்லை. கலங்கள் சிறிது சிறிதாக வேறுபட்டு, புற்றுக்கு முந்திய புண்ணாகி, அப்பால் புற்றாவதற்குப் பெரும்பாலும் 15 அல்லது 20 ஆண்டுகள் செல்கின்றன. இத்துணை நீண்ட தவணை கொடுத்து வரும் நோய் பிறிதொன்றைக் காண்பது அரிது. அத்தவணைக்குள் கண்டுபிடித்தால், புண்பட்ட சிறு பகுதியைக் குளிரூட்டியோ சுட்டோ நீக்கிவிட்டு அன்றே வீடு திரும்பலாம்.

ஒரு மனைவியின் பொறுமை

கண்டுபிடிக்கும் வழியை முதலிற் காட்டியவர் ஜோர்ஜ் பாப்பனிக்கலோ என்னும் கிரேக்க நாட்டவர். நியூயோர்க்கிலுள்ள கோர்னெல் மருத்துவக் கல்லூரியிலே கினிப் பன்றிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த அவர், கருப்பைக் கழுத்திலிருந்து உதிரும் கலங்களை நுணுக்குக்காட்டியிற் பார்த்து நோயை அறியலாம் எனக் கண்டார். 1928-இல் இதனை ஒரு மகாநாட்டிலே கூறியபோது கேட்டவர் எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் டாக்டர் ஹேர்பட் டிராவுட் என்பவருடன் சேர்ந்து 1941-இல் மீண்டும் வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று உலகெங்கும் வழங்கும் 'பாப் பரிசோதனை' அவர் பெயராலேயே அமைந்தது.

அவர் பெயரைச் சொல்வோர் அவருடைய மனைவி அந்திரோமாக்கியின் பெயரைச் சொல்வதில்லை. ஆய்வுகூடத்தில் உதவியாளராகவும் இருந்த அவ்வம்மையார், கணவனின் ஆராய்ச்சிக்காகப் பல்லாண்டுகளாகத் தம் உடம்பிலிருந்தே கலங்களை எடுக்க இசைந்தார். இயல்பான கலங்கள் மாதத்தின் ஒவ்வொரு நாளிலும் எவ்வாறு இருக்கும் என்பதை உலகம் கற்றது அவர் பொறுமையினாலேயாம்.

பின்லாந்து தேசத்திலே 1960-களில் நாடு முழுவதும் ஒழுங்காகத் தொடங்கப்பட்ட பாப் பரிசோதனை, காலப்போக்கில் அந்நோயை நூற்றுக்கு 80 பங்கு வரையிற் குறைத்துவிட்டது. ஆயினும் அது செல்வ நாட்டின் கதை. கலங்களைப் பார்த்துச் சொல்லப் பயின்றவர் வேண்டும்; பெண்களை மீண்டும் மீண்டும் அழைக்க ஏற்பாடு வேண்டும்; அழைத்தால் அவர்கள் வரவும் வேண்டும். கடைசியிற் சொன்னது எளிதென்று நினைப்போர்க்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கின்றது.

திண்டுக்கல் சொல்லிய பாடம்

திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ ஐக்கிய சமுதாய நல நிலையத்தாரும், பிரான்சிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சேர்ந்து, 2000-ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கினர். சர்வதேச நிறுவனத்தின் சார்பில் முன்னின்றவர் கேரளத்தவரான டாக்டர் சங்கரநாராயணன். நுணுக்குக்காட்டி வேண்டாம், ஆய்வுகூடமும் வேண்டாம். வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலத்தை மெல்லியதாகக் கரைத்துக் கருப்பைக் கழுத்திலே தடவினால், கேடுற்ற இடம் ஒரு நிமிடத்தில் வெண்மையாகத் தோன்றும். பயிற்சி பெற்ற தாதி ஒருத்தி அதனைக் கண்ணாற் பார்த்தே சொல்லிவிடலாம். 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களைத் தாதியர் இவ்வாறு ஊரூராகச் சென்று பார்த்தனர். 2007-இல் முடிவு வெளியாயிற்று. ஒரேயொரு முறை செய்த அப்பரிசோதனை, ஏழாண்டுகளில் நோயை நூற்றுக்கு 25 பங்கும், அதனால் வரும் மரணத்தை நூற்றுக்கு 35 பங்கும் குறைத்திருந்தது. மகத்தான சாதனைதான்.

ஆனால் என் மனத்தைத் தைத்தது வேறோர் இலக்கம். பரிசோதனைக்குரியவர்கள் 49,311 பெண்கள். வந்தவர்கள் 31,343 பேர். வீட்டு வாயிலுக்கே தேடிப் போனார்கள், கட்டணமில்லை, பார்ப்பவர் பெண், அப்படியிருந்தும் ஏறக்குறைய 18,000 பெண்கள் வரவில்லை. நூற்றுக்கு 36 பேர்! வயல் வேலை, கணவன் விடவில்லை, நோயில்லாதபோது எதற்கு என்னும் எண்ணம் எனக் காரணங்கள் பல இருந்திருக்கலாம். அவற்றுள் நாணத்துக்கும் ஒரு பெரும் பங்கு இருந்திருக்குமென்பதைச் சொல்ல எனக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்ததே போதும்.

இன்னொரு பாடம் மகாராட்டிரத்து உஸ்மனாபாத் மாவட்டத்திலிருந்து வந்தது. அங்கே 52 கிராமத் தொகுதிகளில் 1,31,746 பெண்களை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வைரசைத் தேடும் பரிசோதனையும், மற்றொரு பிரிவினருக்குப் பாப் பரிசோதனையும், பிறிதொரு பிரிவினருக்கு அசற்றிக்கமிலப் பரிசோதனையும் செய்தனர். நான்காம் பிரிவினருக்கு எதுவும் செய்யவில்லை. எட்டாண்டுகளின் பின், வைரசைத் தேடிய பிரிவில் இறந்தோர் 34 பேர். ஒன்றும் செய்யாத பிரிவில் 64 பேர். வைரசைத் தேடுவதே சிறந்த வழியென உலகம் ஒப்புக்கொண்டதற்கு 2009-இல் வெளிவந்த இம்முடிவு ஒரு பெருங்காரணம். ஒப்பிடுதற்காக ஒன்றும் செய்யாது விடப்பட்ட ஏழைப் பெண்களைப் பற்றிப் பின்னர்க் கடுமையான கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்தை நானும் ஒதுக்கிவிட மாட்டேன். அந்த 64 பேரும் யாருடையவோ தாய்மார்.

ஆக, வைரசைத் தேடவேண்டும். அதே நேரத்தில் வர மறுக்கும் 18,000 பேரையும் எட்டவேண்டும். இவ்விரண்டு தேவைகளும் கூடிய இடத்திலேதான் சிறுநீர் வந்து நிற்கின்றது.

சிறுநீருக்குள் அது எப்படி வந்தது?

சிறுநீரைக் கொண்டு நோயறிதல் நம்மவர்க்குப் புதியதன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறைகளைச் சித்த வைத்தியர் இன்றும் போற்றுவர்; சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பரவும் வடிவத்தைப் பார்த்து வாத பித்த கபங்களின் நிலையைச் சொல்வர். 'ஆதலால் இவையெல்லாம் முன்னோர் அன்றே கண்டவை' என மார்தட்ட நான் வரவில்லை. அவர்கள் தேடியது வேறு. இங்கே தேடுவது வேறு. சிறுநீர் உடம்பின் உள்ளே நடப்பதைச் சொல்லும் தூது என்னும் எண்ணம் மட்டுமே பொதுவானது. மேனாட்டிலும் புற்றுநோய்க்குரிய முதல் இரசாயன அடையாளம் சிறுநீரிலேயே கிடைத்தது. இலண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் வைத்தியர் 1840-களில், எலும்பு மச்சைப் புற்றுடைய ஒரு நோயாளியின் சிறுநீரில், சூடாக்கும்போது விசித்திரமாக நடக்கும் ஒரு புரதத்தைக் கண்டார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது. கருத்தரித்தலைச் சிறுநீரில் ஓமோனைக் கொண்டு வீட்டிலேயே அறிவது இன்று எல்லாரும் அறிந்தது.

உயர்தர வகுப்பிலே உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. "சேர், சிறுநீர் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வந்து, தன் வழியே வெளியே போகின்றது. கருப்பைக் கழுத்து வேறொரு வழியில் இருக்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. அப்படியிருக்க, அங்குள்ள வைரசு இங்கே எப்படி வரும்?"

இதற்கு விடை இரண்டு. ஒன்று குறுக்கு வழி. கருப்பைக் கழுத்திலிருந்து கலங்கள் நாள்தோறும் உதிர்கின்றன; அவை அங்குள்ள சளியோடு கலந்து கீழே இறங்கி, சிறுநீர் வெளிவரும் வாயிலின் அயலிலே தங்குகின்றன. சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது முதலில் வரும் நீர் அவற்றைக் கழுவிக்கொண்டு போகின்றது. மாரிகாலத்து முதல் மழை தெருவிலுள்ள சருகையெல்லாம் அள்ளிக்கொண்டு வாய்க்காலுக்குள் ஓடுவதைப் போன்றது இது. இரண்டாம் மழைநீர் தெளிந்திருக்கும். ஆதலினாலே இப்பரிசோதனைக்கு முதல் நீரே வேண்டும். சாதாரணமாகச் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போவோரிடம் 'முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள்' என்றே சொல்வர். இங்கே அதற்கு நேர்மாறு. பெல்ஜியத்து அன்ட்வேர்ப் பல்கலைக்கழகத்தார் இம்முதல் நீரைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர். அதனை மட்டும் தானாகவே பிடித்து, மீதியை வெளியே விடும் சிறு பாத்திரம் ஒன்றும் அந்நாட்டில் உருவாக்கப்பட்டிருக்கின்றது.

மற்றது சுற்று வழி. உடம்பில் எங்கே புற்று வளர்ந்தாலும் அதன் கழிவுகளும் சிதைவுகளும் குருதியிற் கலக்கின்றன. குருதியைச் சிறுநீரகம் வடிகட்டும்போது நுண்ணிய மூலக்கூறுகள் சிறுநீரோடு வருகின்றன. ஆனால் இவ்வழியில் வருவன எங்கிருந்து வந்தன என்பதை எளிதிற் சொல்லமுடியாது.

மூவகை அடையாளங்கள்

முதலாவது, வைரசின் டி.என்.ஏ. இதில் நடந்த ஆய்வுகள் பல. 14 ஆய்வுகளை, 1,443 பெண்களின் முடிவுகளை, ஒருங்கு சேர்த்து ஆராய்ந்த கட்டுரையொன்று 2014-இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. கருப்பைக் கழுத்தில் வைரசு உள்ள நூறு பெண்களுள் 87 பேரைச் சிறுநீர் காட்டிக்கொடுத்தது. இல்லாத நூறு பேரில் 94 பேரை இல்லையென்றே சொல்லிற்று. புற்றை விளைக்கும் கொடிய வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இவ்விலக்கங்கள் 77, 88 என இறங்கின. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்மா குரொஸ்பி என்னும் பெண் பேராசிரியரின் குழுவினர் 2019-இல் 104 பெண்களிடம் சோதித்தபோது, தீவிரமான புண்ணுள்ளவர்களைக் கண்டுபிடிப்பதிலே சிறுநீர் மற்ற முறைகளுக்கு ஏறக்குறைய ஈடாகவே நின்றது. வைரசு ஆக்கும் 'ஈ-7' என்னும் புரதத்தையே சிறுநீரில் அளக்கும் முயற்சியை யப்பானிய ஆய்வாளர் 2024-இல் வெளியிட்டனர்.

இரண்டாவது அடையாளம் நுட்பமானது. வைரசு இருப்பதைக் காண்பது மட்டும் போதாது என முன்னரே கண்டோம். பெரும்பாலோரிடம் அது தானே மறைந்துவிடும். யாரிடம் தீங்கு தொடங்கிவிட்டது என்பதல்லவா தெரியவேண்டும்? புற்றை நோக்கி மாறும் கலத்திலே, அதனை அடக்கி வைத்திருந்த சில பரம்பரையலகுகள் பூட்டப்பட்டுவிடுகின்றன. பூட்டு என்பது உவமை. உண்மையில் ஒரு காபன் அணுவும் மூன்று ஐதரசன் அணுக்களுமுடைய 'மெதைல்' கூட்டம் டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொள்கின்றது. இப்பூட்டுகளைச் சிறுநீரிலே தேடும் பணியில் அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழக வைத்தியசாலையைச் சேர்ந்த ரென்ஸ்க ஸ்டேன்பெர்கன் என்னும் அம்மையாரின் குழுவினர் முன்னிற்கின்றனர். புற்றாகிவிட்ட நோயை இவ்வடையாளங்கள் நன்கு காட்டுகின்றன. முந்திய நிலைப் புண்ணில் அடையாளம் அத்துணைத் தெளிவாக இல்லை. நமக்கு மிகவும் வேண்டியது அந்த முந்திய நிலைதான் என்பதை மறவாதிருக்க வேண்டும்.

மூன்றாவது, கலத்தின் தொழிற்பாட்டால் உண்டாகும் பொருள்கள். இதில் நமக்கு அண்மையிலுள்ள ஒரு முயற்சியைச் சொல்வதில் மகிழ்ச்சி. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்து மருத்துவப் பௌதிகத் துறையினர், சிறுநீரில் ஊதா ஒளியைப் பாய்ச்சி, அது திருப்பி ஒளிரும் விதத்தை ஆராய்ந்தனர். பிளேவின் முதலிய சில பொருள்கள், ஒளிபட்டால் தாமும் வேறு நிறத்தில் ஒளிரும் இயல்பின. புற்றுநோயாளரின் சிறுநீரும் நலமுள்ளோரின் சிறுநீரும் ஒளிரும் விதத்திலே வேற்றுமை காணப்பட்டது. அதனைக் கொண்டு பெரும்பாலோரைச் சரியாகப் பிரித்ததாக 2013-இல் எழுதினர்; அடுத்த ஆண்டில் கருப்பைக் கழுத்துப் புற்று நோயாளரையே எடுத்து ஆராய்ந்ததையும் வெளியிட்டனர். சாயம் வேண்டாம், விலையுயர்ந்த மருந்து வேண்டாம், ஒளி ஒன்றே போதும் என்பது இம்முறையின் அழகு.

கிணற்று நீர் கற்பித்தது

அழகைக் கண்டு மயங்கிவிடாதிருக்கச் சுன்னாகத்தவர்க்கு ஓர் அநுபவம் துணை நிற்கின்றது. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் எங்கள் அயற் கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளதென்னும் பெருங்கவலை எழுந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். ஊரார் போத்தல்களில் நீரை நிரப்பி ஆய்வுக்குக் கொடுத்தனர். 'இருக்கின்றது' என்றனர் ஒரு சாரார். 'அஞ்சத்தக்க அளவில் இல்லை' என்றனர் மற்றொரு சாரார். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019-இல் இழப்பீடு கொடுக்குமாறு தீர்ப்பாயிற்று. அந்நாளில் நாங்கள் கற்றுக்கொண்ட கேள்விகள் மூன்று: தேடும் பொருள் எது? எவ்வளவு இருந்தால் உண்டு என்பது? இருப்பதனாற் பெறப்படுவது என்ன? சிறுநீரிலுள்ள ஒவ்வோர் அடையாளத்தையும் இம்மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம்.

நோயாளிகள் ஐம்பது பேர், நலமுள்ளோர் ஐம்பது பேர் எனத் தெரிந்தே இரண்டு வரிசையாக நிறுத்திப் பிரிப்பது ஒரு காரியம். சந்தைக்கு வந்த ஆயிரம் பெண்களுக்குள்ளே மறைந்திருக்கும் பத்துப் பேரைத் தேடிக் காண்பது முற்றிலும் வேறு காரியம். விளக்கத்துக்காக நானே ஒரு கணக்கை அமைக்கிறேன். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுக்கலாம். ஆயிரம் பெண்களிற் பத்துப் பேருக்குப் புண் உண்டு. நம் பரிசோதனை அப்பத்தில் ஒன்பது பேரைக் கண்டுபிடிக்கும். நலமுள்ள நூறு பேரில் ஆறு பேரை மட்டுமே தவறாக 'நோய்' என்று சொல்லும். மிக நல்ல பரிசோதனையென்றே தோன்றும். எஞ்சிய 990 பேரில் நூற்றுக்கு ஆறு என்றால் 59 பேர். ஆகவே 68 பேருக்குக் கடிதம் போகின்றது. அவர்களுள் உண்மையிற் புண்ணுள்ளவர் ஒன்பது பேர். மற்ற 59 வீடுகளிலும் காரணமின்றி உறக்கம் கெடும். விடுபட்ட அந்த ஒருத்தியோ 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நிம்மதியாக இருப்பாள். இவ்விரண்டில் எது பெருந்தீங்கு என்று என்னைக் கேட்டால் பின்னதென்றே சொல்வேன். ஆயினும் முன்னதையும் அற்பமென்று தள்ளலாகாது.

இன்னும் ஒன்று. சிறுநீரில் டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியங்கள் உள்ளன. ஆகவே பிடித்த நீரை அப்படியே வெயிலிலே வைத்துவிட்டு அனுப்பமுடியாது. அந்நொதியங்களைக் கட்டுப்படுத்தும் மருந்து பாத்திரத்திலேயே இருக்கவேண்டும். வைகாசி மாதத்து வலிகாமத்து வெக்கையை ஐரோப்பிய ஆய்வுகூடத்தார் அநுபவித்தவரல்லர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, சிறுநீர் 'உண்டு' என்று சொன்னபின் என்ன செய்வது? அப்போது அப்பெண் வைத்தியரிடம் போயே ஆகவேண்டும். கருப்பைக் கழுத்தைக் கண்ணாற் காணாமல் புண்ணை நீக்க முடியாது. எனவே இம்முறை நாணத்தை அடியோடு நீக்குவதன்று. ஆயிரம் பேர் நாணவேண்டிய இடத்தில் அறுபது எழுபது பேர் மட்டும் நாணினாற் போதும் என ஆக்குவது. அது சிறிய காரியமன்று. காரணமில்லாமல் அழைக்கும்போது வராதவள், 'உனக்கு ஒரு குறி தெரிகின்றது, வா' என்னும்போது வரக்கூடும். திண்டுக்கல்லில் வராத பதினெண்ணாயிரவரை நினைத்தே இதனைச் சொல்கிறேன்.

இன்றைக்குள்ள வழி

உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் இலக்கை அறிவித்தது. 2030-க்குள் சிறுமியருள் நூற்றுக்கு 90 பேர் 15 வயதுக்குள் தடுப்பூசி பெறவேண்டும். பெண்களில் 70 பேர் 35 வயதிலும் 45 வயதிலும் தக்க பரிசோதனை செய்திருக்கவேண்டும். நோய் காணப்பட்டோரில் 90 பேர் சிகிச்சை பெறவேண்டும். பெண் தானே மாதிரியை எடுத்துக் கொடுக்கும் முறையையும் அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் அங்கே கருதப்படுவது முக்கியமாகச் சிறு பஞ்சுக்குச்சியால் எடுப்பது. சிறுநீர் முறை பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையிலேயே நிற்கின்றது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தனியார் நிலையத்திற் பணத்தைக் கொட்டுவதற்கு இன்னும் காலம் வரவில்லை.

அதற்காகக் காத்திருக்கவேண்டியதும் இல்லை. நம் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு மாணவியருக்கு இவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி 2017-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகப் போடப்பட்டு வருகின்றது. சம்மதக் கடிதம் வீட்டுக்கு வரும்போது, 'பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?' எனக் கேட்கும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். வைரசு வருமுன் போட்டாற்றான் பயன் முழுமையாகும், அதனாலேயே அவ்வயது.

வளர்ந்த பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் இயங்குகின்றன. அங்கே 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைப் பரிசோதனைக்கு அழைக்கின்றனர். அதே வருகையில் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் பார்த்து, மார்பகத்தையும் சோதிக்கின்றனர். மாதவிலக்கு நின்ற பின்னர்க் குருதி காணுதல், இரு மாதவிலக்குகளுக்கு இடையிலோ தாம்பத்திய உறவின் பின்னரோ குருதி கசிதல், துர்நாற்றத்துடன் நீர் வடிதல் ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் வயதையும் கிளினிக் நாளையும் பார்த்திராமல் உடனே வைத்தியரைக் காணவேண்டும். அது பரிசோதனைக்குரிய நிலையன்று, சிகிச்சைக்குரிய நிலை.

சுன்னாகத்தவர்க்கு உடுவில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும், ஏனைய ஊரவர்க்குத் தத்தம் பகுதிப் பணிமனையும் இருக்கின்றன. பணிமனைக்குப் போகக் கூசினால், கைக்குழந்தையின் நிறையைப் பார்க்க வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமே கேட்கலாம். கிளினிக் நடக்கும் நாளை அவர் சொல்வார். மாதவிலக்கு நாள்களைத் தவிர்த்துச் செல்லவேண்டும். மாதிரி எடுக்கச் சில நிமிடங்களே ஆகும், கட்டணம் இல்லை. தனியே செல்லத் தயங்குவோர், அக்காவையோ மச்சாளையோ கூட்டிக்கொண்டு போகலாம். அவருக்கும் வயது 35 கடந்திருந்தால் இருவர் பெயரையும் ஒரே நாளிற் பதிந்துகொள்ளலாம்.